வலது கை

ஜாடியில் உப்பு கரைந்துவிட்டது.
தீக்குச்சி மூன்று வீணாகி
நான்காவது பற்றியது.
ஐந்து நாளாய்க் காயாத சட்டை
ஃபிரிட்ஜின் முதுகில் சூடு தேடிச் சாய்ந்திருக்கிறது.
ஏற்காட்டில் ஐப்பசி இப்படித்தான்,
அட்வான்ஸ் கொடுத்துவிட்ட குடித்தனக்காரி போல
நடுவீட்டில் வந்து உட்காரும்.

சமையலறை ஜன்னலைத் திறந்தால்
கைக்கெட்டும் தூரத்தில் காப்பிச் செடி.
ஒன்றிரண்டு பழம் சிவக்கத் தொடங்கியிருக்கிறது.
தூள் மட்டும்
செவ்வாய்ப்பேட்டை அரவைக் கடையிலிருந்து
இருபது கொண்டையூசி வளைவும் ஏறி வர வேண்டும்,
சவரிமுத்துவின் டிரைவர் சீட்டுக்கு அடியில்,
டிபன் கேரியருக்கும் கண்ணாடி துடைக்கிற துணிக்கும் நடுவே.
சிக்கரி கலக்காதது.
கலந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.
"வீட்டம்மாவுக்கு இருக்கிறது நாக்கா, தராசா?"
என்று கேட்டாராம் கடைக்காரர்.

ஃபில்டரின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி
வெந்நீர் ஊற்றி மூடினேன்.
இறங்கட்டும்.
சொட்டுக்கு ஒரு கண்ணி என்று
தகரத்தில் விழும் மழையோடு பந்தயம் கட்டி
நாற்பது வரை எண்ணினேன்.
நாற்பத்தொன்றில் மழை ஜெயித்தது.

ஒரு நேர், ஒரு கவிழ்.
ஒரு நேர், ஒரு கவிழ்.
விளிம்பு தாண்டியபின் நேர் மட்டும்.
ஸ்வெட்டர் அவருக்கு,
முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வைத்தது.
அடிவாரத்தில் வியர்க்கும், ஒரு கையால் திறக்க வேண்டும்.
பதினோராம் வளைவில் பல் கிட்டும்,
அதே கையால் மூட வேண்டும்.

பக்கத்து வீட்டு ரெஜினா தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.
"அக்கா, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.
கணக்குத் தப்பிடுச்சு."

தப்பவில்லை.
இடக்கை கியருக்கு.
முழங்கைக்குக் கீழே நாலு விரல் போதும்.
வலக்கை ஜன்னலோரம்.
அந்தக் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது,
டிப்போவில் மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று.
சாரல் முழுக்க அந்தக் கையில்தான்.
ஆகவே அதற்கு இரட்டை நூல்,
விரல் கணு வரை நீளம்,
கட்டைவிரலுக்கு ஒரு துவாரம்.
ரெஜினாவிடம் இதைச் சொல்லவில்லை.
கணக்குத் தப்பியவளாகவே
இருந்துவிட்டுப் போகிறேன்.

ஆறு மணிக்குக் கரண்ட் போனது.
ஏழு மணிக்குப் போன் வந்தது.
பதினாலாம் வளைவில் மரம் விழுந்துவிட்டதாம்,
சில்வர் ஓக், வேரோடு, மிளகுக் கொடியோடு.
கடைசி வண்டி கிளம்பவில்லை.
"டிப்போவுலயே படுத்துக்கிறேன்.
பொடி வாங்கிட்டேன், கால் கிலோ.
சீட்டுக்கு அடியில பத்திரமா இருக்கு."
சாப்பிட்டீங்களா என்றேன்.
பரோட்டா என்றார்.
சேலத்தில் தூறல்கூட இல்லையாம்.
பின்னால் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது.
கொஞ்சம் கோபம் வந்தது எனக்கு,
அந்த ஃபேன் மேல்.

மெழுகுவர்த்தி ஏற்றினேன்.
அவருக்கென்று எடுத்து வைத்த முதல் டிகாக்‌ஷன்
அடுப்போரம் இருந்தது.
நான் குடிப்பது எப்போதும் இரண்டாவது.
அப்படிக் குடி என்று யாரும் சொன்னதில்லை.
கல்யாணமான வாரத்தில் எப்படியோ ஊசியில் ஏறிய கண்ணி,
பதினேழு வருஷமாய் இறக்கவில்லை.

பால் அரை டம்ளர்.
ஈரத்தில் கட்டிப்போன சர்க்கரையைக்
கரண்டிக் காம்பால் இடித்துப் போட்டேன்.
முதல் மிடறு.
கசப்பு நாக்கின் ஓரத்தில் நின்று
எதையோ யோசித்துவிட்டு
மெல்லத் தொண்டைக்குள் இறங்கியது.
இதையா இத்தனை நாளும் இந்த மனுஷன்
பேப்பர் படித்துக்கொண்டே குடித்தார்?

இன்னும் ஒரு அரை டம்ளர்.

இனித் தூக்கம் வராது.
நல்லது.
வலக்கையில் இரண்டு விரற்கடை பாக்கி இருக்கிறது.
இந்த வெளிச்சத்தில் நீல நூலும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரிகிறது,
விரலால் தடவித் தடவிப் பின்னுகிறேன்.
நாளை மரத்தை அறுத்து வழி விடுவார்கள்.
வரட்டும்.
பேப்பரை மடித்து வைத்துவிட்டுக்
குடிக்கச் சொல்ல வேண்டும்.